ஊர் அமைதியானதால் கேட்ட வெடிச் சத்தம்

பொகோட்டாவில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு வாழும் மரியாதைக்குரிய ஒஃபேலியா அக்காவுக்கு, தம்பி எலியேசர் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பசுக்களும் நலம். உன் முழங்கால் வலி குறைய மாதாவை வேண்டுகிறேன்.

இனி என் வயிற்றெரிச்சல். உன் மருமகள், அதான் என் மகள் யமீலே, பொருளாதாரம் படித்து என்ன கிழித்தாள் என்று கேட்டாயே, கேள். சண்டை ஓய்ந்த ஊர்களில் அரசு எதைச் செய்தால் சமாதானம் நிலைக்கும் என்று ஆராய்கிறாள். துப்பாக்கியைக் கீழே போட்ட பழைய கெரில்லாக்களும் நம் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்த ஒரு பால் குளிரூட்டும் நிலையம் கேட்டாள். அமைச்சகம், முதலில் ஊர் அமைதியாக இருக்கிறதா என்று காட்டு என்றது. இவளும் வீடு வீடாகப் போன் போட்டு, “இந்த மாசம் வெடிச் சத்தம் கேட்டுச்சா?” என்று விசாரித்தாள். “கேக்காம? தினமும்தான்!” என்று அத்தனை பேரும் சந்தோஷமாகச் சொல்லித் தொலைத்தார்கள். எல்லாம் தேஹோ விளையாட்டு, அக்கா! ஒரு காலத்தில் மலையிலிருந்து துப்பாக்கியோடு இறங்குவானே வில்மர், அவன்தான் சந்தைக்குப் பின்னால் களம் போட்டிருக்கிறான். சாயங்காலமானால் அவன் ஆட்களும் நம் ஆட்களும் பீரும் கையுமாக இரும்பு வட்டை எறிந்து, களிமண்ணில் வைத்த வெடிமருந்துப் பொட்டலங்களை வெடிக்க வைக்கிறார்கள். அமைச்சகமோ நம்மை ஆபத்தான ஊர் என்று எழுதிவிட்டது.

நேரில் பார்க்க அதிகாரி ஓஸ்பினா வந்தார். என் வீட்டில் சோள ரொட்டி அரேப்பாவைக் கடித்தார், வெளியே டமார்! மனுஷன் மேஜைக்கடியில்.

“ஐயா, வெளிய வாங்க, அது வெறும் ஆட்டம்” என்றாள் யமீலே.

“ஆட்டமா? உசுரே போயிருச்சும்மா!”

வில்மர் கதவருகே எட்டிப் பார்த்தான். “யாருங்க அது கீழ? ஒரு ஆள் குறையுது, எறிய வர்றீங்களா?”

அப்போதுதான் கவனித்தேன் அக்கா, நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சண்டைக் காலத்தில் எந்தச் சத்தத்துக்கும் முதலில் குழந்தை யமீலேயை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்தவன் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓஸ்பினா பாதி அரேப்பாவை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நிலையம் வராது, இவள் படிப்பும் வீண். உனக்குத் தெரிந்த வங்கி மேனேஜரிடம் சொல்லி இவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

மாதா உன்னைக் காக்க,
எலியேசர்

பி.கு: மேனேஜரிடம் மூச்சு விடாதே! யமீலே கேள்வியை மாற்றி மறுபடி போன் போட்டாள்: “வெடிச் சத்தம் கேட்டா என்ன செய்வீங்க?” ஊரே ஒரே பதில்: “யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாக்க ஓடுவோம்.” அதைப் படித்து அமைச்சகம் சம்மதித்துவிட்டது, நிலையம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நானும் வில்மரும் ஒரே கட்சி. இங்கே மருந்துப் பொட்டலம் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா.