தொறந்தபெட்டியும் ஓப்பன் சோறும்

தூத்துக்குடியில் பூட்டுக்கடை வைத்து யாராவது நொடித்துப் போயிருந்தால், அதற்கு எங்கள் விடுதியில் 'தொறந்தபெட்டி' என்று பட்டப்பெயர் வாங்கியவள்தான் காரணம். எம்.பி.ஏ. படித்த இரண்டு வருஷமும் என் அறைத்தோழி. நாங்களெல்லாம் ஊறுகாய்க்கே பூட்டு போட்டபோது, அவள் தகரப்பெட்டி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பக்கத்தில் ஒரு நோட்டு: 'எடுத்தால் எழுதவும். குறை இருந்தால் சரிசெய்து வைக்கவும்.'

கிழிந்த துப்பட்டா தைக்கப்பட்டுத் திரும்பி வரும். அவளுடைய பாடக் குறிப்புகளை ஆளாளுக்குத் திருத்தி, கடைசியில் பேராசிரியரே ஒரு பிரதி வாங்கிப் போனார். சத்தியம்!

அவளுக்குத் துறைமுகத்தில் பெரிய கப்பல் கம்பெனி வேலை கிடைத்தது. வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றே பேர் இருக்கிற புது ஸ்டார்ட்அப்பில் சேரப் போகிறாளாம். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற வள்ளக்காரர்களுக்குக் காற்றையும் கடலையும் சொல்கிற செயலி. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாமாம். உனக்கென்ன பைத்தியமா என்று கத்தினேன். கப்பல் கம்பெனிப் பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

மறுநாளே அவள் அம்மா வந்து இறங்கினார். இட்லிக்கடை நடத்தி ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தவர்.

"என்னளா கம்பெனி அது?"

"ஓப்பன் சோர்ஸும்மா."

"ஓப்பன் சோறா? அன்னதானம் போடவா ஒன்ன படிக்க வச்சேன்? அது ஒனக்குச் சோறு போடுமாளா?"

"போடும்மா. மொத வருசம் கஞ்சிதான்."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! ஆனால் அம்மாவின் கண் கலங்கியதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

முகத்தைத் திருப்பியவர், பெட்டியில் தான் கொடுத்தனுப்பிய கருவாட்டுப்பொடி பாட்டிலைப் பார்த்தார். ஒரு சிட்டிகை வாயில் போட்டார்.

"இது எம் பொடி இல்லியே! யாருளா கைய வச்சது?"

நோட்டைப் புரட்டினேன். ஸ்ரீவைகுண்டத்துக்காரி ஒருத்தி எழுதியிருந்தாள்: 'காரம் தூக்கல். பூண்டு வறுத்துச் சேர்த்தேன்.'

"இதாம்மா அந்தக் கம்பெனி" என்றாள் தொறந்தபெட்டி.

அம்மா இன்னொரு சிட்டிகை போட்டார். "அடப் பாவி மக்கா, நல்லால்லா இருக்கு! இத்தன வருசமா எனக்குத் தோணலியே." பாட்டிலை மூடினார். "சரி, ஒரு வருசம் பாருளா."

ஒரு வருஷம் இரண்டாகிவிட்டது. கஞ்சி இன்னும் கஞ்சிதான் என்று சிரிக்கிறாள். ஆனால் வள்ளக்காரர்கள் அவள் செயலியைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அவள் வேண்டாமென்ற நாற்காலியில் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன். என் டிராயருக்குப் பூட்டு கிடையாது. மேலே ஒரு நோட்டு உண்டு. யார் எதை எடுத்தாலும் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், என்னைப் பார்க்க வரும்போது அவள் மட்டும் எழுதாமலே எடுக்கலாம்.