வழக்கம்போல் சாப்பிடுபவர்

உயிரே போனாலும் சரி, சொதியை விடுவதில்லை என்று நாறும்பூநாதன் முடிவெடுத்தார்.

தை மாதம் ஸ்ரீவைகுண்டத்தில் அவர் தங்கை மகள் சங்கரிக்குக் கல்யாணம். மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் சொதி. தேங்காயை மூன்று தரம் பிழிந்து பாலெடுத்து, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்டுக் கொதிக்க விட்டு, தலைப்பாலை ஊற்றி இறக்கி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வைப்பார்கள். நெல்லைச் சைவப்பிள்ளை ஒருவன் சொதிப் பந்தியில் சும்மா உட்கார்ந்தான் என்றால் அவனைப் பற்றி ஊர் என்னதான் பேசாது? அதிலும் இவர் தாய்மாமன். முதல் பந்தி, முதல் இலை.

இந்த நேரம் பார்த்து, ஐப்பசியில், அவருக்குச் சர்க்கரை வந்து சேர்ந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் ஜெபகனி என்று ஒரு அம்மா, புதிதாகச் சர்க்கரை வந்தவர்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார். முதல் கூட்டத்துக்குச் சாப்பாட்டை மாற்றி, தினமும் நடக்க வைப்பார். இரண்டாம் கூட்டம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும். மூன்று மாதம் கழித்து யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார். யாருக்கு எந்தக் கூட்டம் என்பதற்குக் குலுக்குச் சீட்டு.

இரண்டாம் கூட்டம் என்று காதில் விழுந்ததுமே நாறும்பூநாதனுக்கு நாக்கில் சொதி மணத்தது.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

உள்ளது என்னவென்றால் எட்டு இட்லி, அதுவும் நல்லெண்ணெயில் நீச்சலடிக்கும் மிளகாய்ப்பொடியோடு. உள்ளதைச் சொன்னால் இந்தம்மா நம்மைத் திருத்தியே தீருவேன் என்று முதல் கூட்டத்தில் தள்ளிவிடும். ஏற்கனவே திருந்தின ஆள் மாதிரி பேசிவிட்டால்? குலுக்குச் சீட்டுக்கு இவர் யோக்கியதை தெரியுமா என்ன! ஆனாலும் மின்வாரிய ஆபீஸ் சூப்பிரண்டின் மூளை அப்படித்தான் ஓடிற்று.

"கேப்பைக் கூழு, டாக்டர்."

"மத்தியானம்?"

"கைப்பிடி சோறு, கீரை. பாகற்காய்னா எனக்கு உசுரு."

"ராத்திரி?"

"கோதுமைக் கஞ்சி. அதும் அரை டம்ளர்தான். மேற்கொண்டு இறங்காது."

"இனிப்பு?"

"சீச்சீ! அல்வாக்கடை இருக்க தெருப்பக்கமே தலை வச்சிப் படுக்கதில்ல." முந்தின நாள் தின்ற அல்வாவின் நெய் விரலிடுக்கில் இன்னும் இருந்தது.

"நடக்கிற பழக்கம் உண்டா?"

"விடியுமுன்ன குறுக்குத்துறைக்கு நடந்துபோயி ஆத்துல ஒரு முங்கு. திரும்ப நடந்தே வந்திருவேன்."

அவர் ஆபீசில் கரண்டு போனாலும் போகும், வாயில் பொய் நிற்காது. டாக்டரம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு சீட்டை நீட்டினார். எடுத்துப் பிரித்தால் இரண்டாம் கூட்டம்!

"நீங்க எதையும் மாத்தக் கூடாது. வழக்கம்போல சாப்பிடுங்க."

வழக்கம்போல! மனுசர் வாழ்க்கையில் கேட்ட வார்த்தைகளிலேயே அதுதான் இனிப்பான வார்த்தை. பக்கத்தில் மேலப்பாளையத்து ஜவுளிக்கடை அசன் மைதீன் முதல் கூட்டத்துச் சீட்டை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். "பாவம்வே நீரு" என்று அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிரம்மநாயகியிடம் ஒரே பிரசங்கம்.

"இது வைத்தியம் இல்லளா, விஞ்ஞானம். நான் வழக்கமா என்ன சாப்பிடுதேனோ அதையேதான் சாப்பிடணும். ஒரு பருக்கை மாறினாலும் ஆராய்ச்சி கெட்டுப்போவும். உலகத்துல உள்ள சர்க்கரைக்காரன் பூராவும் என்னை நம்பித்தான் இருக்கான்."

"அப்படியா?" என்றாள் பிரம்மநாயகி. "வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்ன சொல்லுவாவ?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனதும் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறினாள்.

அடுத்த நாள் இருட்டோடு இருட்டாக யாரோ போர்வையை உருவினார்கள்.

"எந்திரிங்க."

"எங்கனளா?"

"குறுக்குத்துறைக்கு. நீங்க வழக்கமாப் போறதுதான?"

நாறும்பூநாதன் போர்வையைத் திரும்ப இழுத்துப் பார்த்தார்.

"டாக்டரம்மாகிட்ட எல்லாம் கேட்டேன். கேப்பைக் கூழு, கீரை, கோதுமைக் கஞ்சி. இத்தனை வருசம் உங்ககூடக் குடும்பம் நடத்துதேன், பாகற்காய்னா உங்களுக்கு உசுருன்னு எனக்குத் தெரியாமப் போச்சே! எம்புட்டு நாள் ஏங்கினியளோ!"

"அது வந்துளா, ஒரு பேச்சுக்கு..."

"ஒரு பருக்கை மாறினாலும் கெட்டுப்போவும்னு நீங்கதான சொன்னிய? உலகத்துச் சர்க்கரைக்காரங்க பாவம்லா? அதோட, கடைசியில ஒரு ரத்தப் பரிசோதனை உண்டுமாம். புதுசா வந்திருக்காம். மூணு மாசத்துக் கதையையும் அது சொல்லிருமாம். திருட்டு அல்வா தின்னா மாட்டிக்கிடுவிய. டாக்டரம்மா முன்னால மானம் போயிரும், சொல்லிட்டேன்."

என்ன செய்வார் மனுசர்? பொய் என்று ஒத்துக்கொண்டால் மானம் போகும், ஒத்துக்கொள்ளாவிட்டால் இட்லி போகும். மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு குறுக்குத்துறைக்கு நடந்தார். அன்று காலை கேப்பைக் கூழ். மத்தியானம் பாகற்காய்க் கூட்டு. மறுநாள் பாகற்காய்ப் பொரியல். அதற்கு மறுநாள் பாகற்காய் பிட்லை. ஆசைப்பட்டுச் சொன்னாரே என்று அவள் ஒரு நாள்கூட விடவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் ஜங்ஷனில் அசன் மைதீன் எதிரே வந்தார். ஆள் தெம்பாகத்தான் இருந்தார்.

"உமக்கு என்னவே சாப்பாடு?" என்றார் நாறும்பூநாதன்.

"அதை ஏன்வே கேக்கீரு, கஷ்டந்தான். காலையில மூணு இட்லி. மத்தியானம் அளவாச் சோறு, மீன் கொழம்பு. வெள்ளிக்கிழமைன்னா ரெண்டு துண்டு கோழி. உமக்கென்னவே, ராசா! வழக்கம்போல சாப்பிடுதீரு!"

"ஆமாவே, வழக்கம்போலதான்" என்று நாறும்பூநாதன் எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். உடம்பு நல்லாத்தான் இருந்தது. ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டி வந்தது. விடியற்காலைத் தாமிரபரணியில் முங்கி எழுந்தால் உள்ளே என்னவோ குளிர்ந்து கிடந்தது. இதை அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சொதி? நாள் நெருங்க நெருங்கக் கனவில் தேங்காயாக விழுந்தது. சோறும் உருளைக்கிழங்குமாக ஒரு கட்டுக் கட்டுவது இந்த 'வழக்க'த்தில் எங்கே இருக்கிறது?

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பரிசோதனை முடிவு வாங்கப் புருசனும் பெண்டாட்டியும் போனார்கள். சொதிக்கு முன்னால் மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று துணிந்துவிட்டார் நாறும்பூநாதன்.

"டாக்டர், நான் அன்னைக்குச் சொன்னது பூராவும் பொய்யி. கேப்பைக் கூழு எனக்குப் பிடிக்காது. பாகற்காய் என் பரம்பரைக்கே ஆகாது. எட்டு இட்லி திங்கவன் நான். இன்னும் மூணு மாசம்னு நீட்டிராம என்னை ஆராய்ச்சியிலேருந்து விட்டிருங்க!"

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அப்புறம் பிரம்மநாயகியைப் பார்த்தார்.

"நீங்க இன்னும் அவங்ககிட்டச் சொல்லலியாம்மா?"

"சொன்னாக் கேட்டிருப்பாவளா டாக்டர்?"

"என்னது சொல்லல?" என்றார் நாறும்பூநாதன்.

"மறுநாளே உங்க வீட்டம்மா வந்து உள்ளதைச் சொல்லிட்டாங்க. பொய்ச் சாப்பாட்டை வச்சு ஆராய்ச்சி செஞ்சா என் ஆராய்ச்சியும் பொய்யாப் போயிரும்லா? அன்னைக்கே உங்க பேரை எடுத்தாச்சு. மத்த நோயாளிங்களுக்குச் சொல்லுற பத்தியத்தைத்தான் அம்மாகிட்ட சொல்லி அனுப்பினேன். மூணு இட்லி, அளவாச் சோறு, காய்கறி. கேப்பைக் கூழும் பாகற்காயும் நான் சொல்லவே இல்லியே!"

"அது அவுக ஆசைப்பட்டது, டாக்டர்" என்றாள் பிரம்மநாயகி.

மூன்று மாதம்! இல்லாத ஆராய்ச்சிக்காக உலகத்துச் சர்க்கரைக்காரர்களைத் தோளில் சுமந்திருக்கிறார்! அல்வா ஊரில் பிறந்தவருக்கே அல்வா கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, கல்யாணத்தில் சொதி கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றார்.

பஸ்ஸில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வண்ணாரப்பேட்டை தாண்டினதும் பிரம்மநாயகி பைய வாயைத் திறந்தாள்.

"எங்கப்பாவுக்கு இதே வியாதிலதான் காலை எடுத்தாவ. அந்தக் கட்டிலை இன்னைக்கும் என்னால நெனைக்க முடியல. உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தாங்காதுங்க. கோவம்னா கோவப்பட்டுக்கிடுங்க."

கோபம் எங்கே இருக்கிறது? அவர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் மறுவீட்டுப் பந்தி. முதல் இலையில் தாய்மாமன். சோற்றில் குழி பறித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். தேங்காய்ப்பால் வாசம் நெருங்கி வந்தது. ஒரு கரண்டி விழுந்தது. அள்ளி வாயில் வைத்தார். ஆகா! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

"இன்னொரு கரண்டி!" என்று நிமிர்ந்தார். சொதி வாளியோடு நின்றது பிரம்மநாயகி.

"போதும். எந்திரிங்க."

"ஏளா, டாக்டரம்மாவே என்னை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துட்டாவள்லா? அப்புறம் என்ன?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

"ஆராய்ச்சின்னா மூணு மாசத்துல முடிஞ்சிருக்கும். நான் ஆயுசுக்கும் உண்டு."