ஆரத்தி நிறத்தில் ஒரு ரசம்

வேதியியல் படித்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு. சமையலறையில் எது கெட்டுப்போனாலும் தங்களால் சரிசெய்துவிட முடியும் என்று நம்புவார்கள். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பெண் பார்ப்பது என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. பையன் ஏற்கெனவே பார்த்துப் பேசி முடித்திருந்தான். பிரகாஷும் நானும் பல்கலைக்கழகத்திலிருந்தே பழக்கம். அவன் அம்மா மட்டும் சொந்தத்தில் வேறொரு பெண்ணை மனதில் வைத்திருந்தார். அப்பா சரி என்று சொல்லிவிட்டால் அம்மா மறுக்கமாட்டார், அப்பாவுக்கோ ரசம் என்றால் உயிர். இதை வைத்து என் காதலர் தீட்டிய திட்டம், "கவிதா ரசம் வச்சா பத்து மாடி புளோக்கே மணக்கும்பா" என்று வீட்டில் அளந்துவிட்டது. நான் அதுவரை ரசம் வைத்ததே இல்லை. (தேநீர் போடுவேன். அதுவும் பொட்டலத்தைக் கிழித்து வெந்நீரில் கொட்டுகிற வகை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் சுவா சூ காங்கிலிருந்து தெம்பனிஸில் எங்கள் வீட்டுக்கு, தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, நல்ல பசியோடு வந்து சேர்ந்தார்கள். மற்ற சமையலை எல்லாம் அம்மா காலையிலேயே முடித்துவிட்டார். ரசத்தை மட்டும் நானே வைக்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லியிருந்தேன். பிரகாஷ் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். எலுமிச்சம்பழ அளவு புளி போடு என்று சொல்லிவிட்டு அம்மா ஹாலில் விருந்தாளிகளோடு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் புளி இல்லை. தேக்கா சந்தையில் வாங்கிய புளி விழுது ஒரு போத்தல் இருந்தது. நான் அதில் எலுமிச்சம்பழ அளவு எடுத்துப் போட்டேன். விழுது என்பது சாறு பிழிந்து சுண்டக் காய்ச்சியது, ஒரு தேக்கரண்டியே தாராளம் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று ரசத்தை ஒரு சொட்டு நாக்கில் விட்டதும் இரண்டு கண்களும் தானாக மூடிக்கொண்டன.

தண்ணீர் ஊற்றியிருக்கலாம். உலகத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் நான் உயர்நிலைப்பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் தலைக்கனம் புதுசாக இருந்தது. புளிப்பு என்றால் அமிலம், அமிலத்துக்கு எதிரி காரம். (மிளகாய்க் காரம் இல்லை. சோடா உப்பு, சுண்ணாம்பு வகையறா.) அளந்து போட்டால் தீர்ந்தது என்று முடிவுகட்டி, கைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்து பிஎச் தாளை எடுத்தேன்.

நனைத்தால் நிறம் மாறும் தாள் அது. நிறத்தைப் பார்த்து எண் சொல்லலாம். ஏழு என்றால் நடுநிலை, கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். என் ரசம் மூன்று காட்டியது. (ரசத்தின் மஞ்சளும் தாளில் ஏறிக்கொண்டதால் கொஞ்சம் குத்துமதிப்பு.) நல்ல ரசம் எத்தனை காட்ட வேண்டும்? குளிர்சாதனப் பெட்டியில் அம்மா முந்தின நாள் வைத்த ரசம் ஒரே ஒரு கரண்டி மிச்சம் இருந்தது. அது நான்கு. ஆக எனக்கும் நல்ல மருமகளுக்கும் இடையே ஒரே ஓர் எண்தான் வித்தியாசம்.

அந்த ஒரே ஓர் எண்ணுக்குப் பத்து மடங்கு என்று அர்த்தம். இதை வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லித் தருகிறவள் நான்தான்.

கொதிக்கிற ரசத்தில் ஒரு கரண்டி சோடா உப்பு போட்டேன். அது நுரைத்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. ஹாலிலிருந்து அம்மா என்ன சத்தம் என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். தாளை நனைத்தால் அதே நிறம். இன்னொரு கரண்டி போட்டேன், நுரை வந்தது, அதே நிறம். புளியில் இருப்பது வலிமை குறைந்த அமிலம். அது தன் சரக்கை எல்லாம் ஒரேயடியாக வெளியே காட்டாது. தாளுக்குத் தெரிவது கொஞ்சம்தான், உள்ளே கையிருப்பு ஏராளம். சோடா தின்னத் தின்ன உள்ளேயிருந்து எடுத்துவிட்டுக்கொண்டே இருக்கும். இதையும் நான்தான் சொல்லித் தருகிறேன். ஆனால் பொறுமை இழந்தவளுக்குப் பாடம் எங்கே நினைவு வரும்? டப்பாவைக் கவிழ்த்தேன்.

கையிருப்பு தீர்ந்த கணத்தில் ரசம் சிவந்தது. மஞ்சள்தூளில் காரம் சேர்ந்தால் சிவக்கும். நம் வீட்டு விசேஷங்களில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைப்பது இப்படித்தான். ஒரு சட்டி நிறைய, பெருங்காய வாசனையோடு, ஆரத்தி. வந்தவர்களுக்குச் சுற்றிப் போடலாம், சோற்றில் ஊற்ற முடியாது.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வந்த பிரகாஷ் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன லா இது?"

"ரசம்."

"எங்கம்மா பார்த்தா அவ்வளவுதான். முடிஞ்சுது நம்ம கதை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வீட்டிலிருந்த எலுமிச்சம்பழங்களை எல்லாம் பிழிந்தேன். மறுபடி நுரைத்தது, சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. நிறம் மட்டும் அச்சு அசல் ரசம். வாயில் வைத்தால் உப்புத் தண்ணீரில் துணிசோப்பை ஊறவைத்த மாதிரி ஒரு ருசி. வேறு வைக்க நேரமில்லை. மாமா (பிரகாஷின் அப்பா) அதற்குள் ரசம் எங்கே என்று கேட்டுவிட்டார்.

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். பிரகாஷின் அம்மா, அதாவது அத்தை, முகத்தைச் சுளித்துக்கொண்டு, வயிறு சரியில்லாத மனுஷனுக்கு எதற்கு ரசம் என்று முணுமுணுத்தார். மாமா மடமடவென்று குடித்தார். குடித்து முடித்ததும் அவர் முகம் எங்கெங்கோ கோணிக்கொண்டு போனது. பிரகாஷ் சுவரைப் பார்த்தான். என் அம்மா என்னைப் பார்த்தார்.

அப்போது மாமாவுக்கு ஓர் ஏப்பம் வந்தது. சாதாரண ஏப்பம் இல்லை. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, ஹாலைச் சுற்றி, வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போயிருக்கும். மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"ரொம்ப நாளா எதைச் சாப்பிட்டாலும் நெஞ்சு எரியுது. டாக்டர் புளியே தொடக்கூடாதுன்னுட்டாரு, இவளும் வீட்டுல ரசமே வைக்கிறதில்ல. இப்ப எரியல."

அத்தை முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "இதுல என்னம்மா போட்ட?"

"சோடா உப்பு, அத்தை."

"எவ்வளவு?"

"டப்பா முழுக்க."

அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை. புளி விழுது, மூன்று, நான்கு, ஆரத்தி, எலுமிச்சம்பழம் என்று எல்லாவற்றையும் அழுகையும் மூக்குறிஞ்சலுமாக ஒப்பித்துவிட்டேன். முதலில் சிரித்தது அத்தைதான். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். என் பயமெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. மாமா காலி டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"இன்னொன்னு ஊத்தும்மா."

"ருசி நல்லா இருக்கா மாமா?"

"ருசி கேவலம். ஊத்து."

எங்களுக்குக் கல்யாணமாகி இப்போது பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டில் ரசம் வைப்பது அத்தை. புளி விழுதை என் கை எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறார். விருந்து சாப்பிட்டு யாராவது நெஞ்சைத் தடவினால் எல்லார் கண்ணும் என் பக்கம்தான் திரும்பும். கல்யாண வீடுகளில் யாராவது மாமாவிடம் மருமகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், ஜாதகம் எல்லாம் பார்த்தீர்களா என்று கேட்டால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

"ஜாதகமெல்லாம் பாக்கல. ஏப்பம் வந்துச்சு, பேசி முடிச்சிட்டோம்."