ஒரு தெருவின் அடுத்த வருஷம்

பி.காம். தேறியவளுக்கு அடுத்தவர் வீட்டு நிலவரம் அந்த வீட்டுக்காரரைவிட நன்றாகத் தெரியும் என்று இருபத்தொரு வயதில் நான் நம்பியிருந்தேன். (எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது, சொந்தத் தயாரிப்பு.)

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி மாதம். மக்களிடம் கருத்துக் கேட்டு எழுதிக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு முதல் வேலை. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரே தெருவில் முப்பது வீடு. கேட்க வேண்டியது, ‘அடுத்த வருஷம் உங்கள் குடும்பத்தின் பணநிலை எப்படி இருக்கும்?’ கீழே மூன்று கட்டங்கள்: நன்றாகும், அப்படியே இருக்கும், மோசமாகும்.

இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் வாரம் மூன்று நாள்தான் வேலை. ஆனால் போன வீட்டிலெல்லாம் ‘நல்லாருக்கும்’ என்றே சொன்னார்கள். பாவம், கேள்வி புரியவில்லை என்று முடிவுகட்டி, பலமாகத் தலையாட்டிக்கொண்டே ‘மோசமாகும்’ கட்டத்தில் டிக் போட்டேன். பதினோரு வீடுகளுக்கு இந்தச் சேவை நடந்தது.

பன்னிரண்டாவது வீடு சண்முகத்தாய் அக்காவுடையது. அங்கேயும் அப்படியே டிக் போட்டேன். அந்தத் தாளை அக்கா வாங்கிப் பார்த்தார். அவர் முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தவர் என்று எனக்குத் தெரியாது. “மோ... ச... மா... கும்” என்று தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் விடாமல் மழை, விலைவாசி, வேலைநாள் என்று எடுத்துச் சொன்னேன். அக்கா எதையும் மறுக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏட்டி, நேத்துதான் உளுந்து வெதச்சிருக்கு. மண்ணு காஞ்சு கெடக்கு, மேகத்தையே காணும். வெதைய உள்ள போட்டுட்டு, மோசமாகும்னு ஒருத்தி வாயால சொல்லுவாளா?”

அப்போதுதான் தெருவுக்கு அப்பால் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை உழுதுபோட்ட கரிசல். பச்சை என்று ஒரு புல் கிடையாது. அதற்குள்ளே ஊரே தன்னிடம் மிச்சமிருந்த தானியத்தைப் போட்டு மூடிவைத்திருந்தது, இன்னும் வராத ஒரு மழையை நம்பி. செருப்போடு கோவிலுக்குள் வந்துவிட்டவள்போல எனக்குக் கால் கூசியது.

அக்காவுடையதோடு சேர்த்துப் பன்னிரண்டு தாள்களையும் அடித்துத் திருத்தினேன். அந்தந்த வீட்டுக்காரர் என் தலைக்குமேல் நின்று சரிபார்த்தார்.

முப்பது தாளிலும் ‘நன்றாகும்’. மதுரை ஆபீஸில் சூப்பர்வைசர் புரட்டிப் பார்த்தார். டீக்கடையில் உட்கார்ந்து நானே போட்டதுதானே என்று கேட்டார். விதைப்பைப் பற்றிச் சொன்னேன். அடித்தல்களைக் காட்டி, “பொய்யைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியலையேம்மா” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். (பொய்யாக எழுதியதை அப்படியே கொடுத்திருந்தால் மாசச் சம்பளம் வந்திருக்கும்.)

அந்த ஐப்பசியில் மழை அரைகுறையாகத்தான் பெய்தது. மறுவருஷமும் விதைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இன்றும் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: “எம் பிள்ள ஒரே ஒரு நாளுதான் வேலைக்குப் போனா. அன்னைக்கே ஒரு தெருவ முன்னேத்திட்டு வந்துட்டாள்லா.”