அலமாரிக்கு முன்னால் பேனர்

பேராசிரியர்களில் பாடம் நடத்துபவர், நடத்தாதவர் என்று இரண்டே வகைதான் உண்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், ஏற்காட்டுக்கு வந்து எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு நாள் உட்காருங்கள். மூன்றாவது வகை ஒன்றைக் காட்டுகிறேன். பயிலரங்கு ஒருங்கிணைப்பாளர். தாகம் என்று வந்தவருக்குத் தண்ணீர் தராமல், கிணறு வெட்டுவது எப்படி என்று வகுப்பெடுத்து, கடைசியில் குழுப்படமும் எடுத்து அனுப்பி வைப்பவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நடப்பது எதிலும் இவருக்கு நாட்டமில்லை. நடக்கப்போவதில்தான் உயிரே இருக்கிறது. ‘ஆய்வுத் திறன் பயிலரங்கு, விரைவில்’ என்று வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு போஸ்டர், மதியம் அதே போஸ்டர் எழுத்துப்பிழை நீக்கி, மாலையில் சிறப்பு விருந்தினர் பெயருக்கு முன்னால் விட்டுப்போன ‘முனைவர்’ சேர்த்து இன்னொன்று என்று போட்டுக்கொண்டே இருப்பார். புத்தகம் படிப்பாரா? அதற்கு ஏது நேரம்!

எங்களுக்கு வாய்த்தவர் பேராசிரியர் லூர்துராஜ். போன மாதம் ‘நூலகத்தில் தேடுவது எப்படி?’ என்றொரு பயிலரங்கை நூலகத்துக்குள்ளேயே வைத்தார். வாசிப்பு மேசைகளை ஓரங்கட்டி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, சுவர் முழுக்க பேனர் கட்டி, வாசலில் ‘பயிலரங்கை முன்னிட்டு நூலகம் இன்று இயங்காது’ என்று அறிவிப்பும் ஒட்டினார். நூலகத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க நூலகத்தையே மூடுவதற்குத் தனி மூளை வேண்டும்.

அன்றைக்கென்று பார்த்து வந்து சேர்ந்தாள் ஆய்வு மாணவி சசிரேகா. பக்கத்து மலைக்கிராமமான தலைச்சோலையைச் சேர்ந்த பெண். காப்பி எஸ்டேட் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வேட்டில் தேர்வாளர் கேட்ட திருத்தங்களையெல்லாம் முடித்துவிட்டாள். ஒரே ஒரு மேற்கோளைப் பழைய எஸ்டேட் அறிக்கையில் சரிபார்க்க வேண்டும். அந்த அறிக்கை இங்கே மட்டும்தான் இருக்கிறது. மாலை அலுவலகம் மூடுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருட உழைப்பும் வீண்.

“ஏனுங்க சார், அந்த அலமாரிய மட்டும் தொறந்து உட்டீங்கன்னா ஒரு பக்கம் பாத்துட்டு ஓடிருவனுங்க.”

“அது பேனருக்குப் பின்னால இருக்குது கண்ணு. நொம்பச் சிரமப்பட்டுக் கட்டுனது, இப்ப அவுக்க முடியாது. முன்வரிசை காலியாக் கெடக்குது பாரு, வந்து உக்காரு.”

உட்கார வைத்துவிட்டார். சேலத்திலிருந்து கார் ஏறிய சிறப்பு விருந்தினர் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, வந்ததும் படுத்துக்கொண்டார். அவர் தெளிந்து எழுந்திருக்கும் வரை லூர்துராஜ் காலத்தின் அருமை பற்றிப் பேசினார். பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, டீ. எல்லாம் முடிந்து ஒருவழியாகக் கணினியைத் திறந்தார்.

“யாராச்சும் ஒரு நூல் பேரு சொல்லுங்க, நொடியில கண்டுபிடிச்சுக் காட்டறேன்!”

சசிரேகா எழுந்து அந்த அறிக்கையின் பெயரைச் சொன்னாள். திரையில் பளிச்சென்று வந்தது: ‘நூல் அலமாரியில் உள்ளது.’ அரங்கம் கைதட்டியது.

“பாத்தீங்களா, எத்தன லேசு!”

“அப்ப எடுத்துக்கலாங்களா சார்?”

“இன்னைக்குத்தான் நூலகம் லீவாச்சே கண்ணு!”

சிரித்துக்கொண்டே மறுபடியும் கைதட்டினார்கள். குழுப்படத்தைப் பாருங்கள்: முன்வரிசையில் சசிரேகா, கையில் ‘தகவல் தேடுவதில் தேர்ச்சி பெற்றவர்’ என்ற சான்றிதழ், அவளுக்குப் பின்னால் பேனர், பேனருக்குப் பின்னால் அவள் கேட்ட அறிக்கை. படம் எடுத்து முடிப்பதற்குள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். பதிவு போயே போய்விட்டது.

அழுதவளை லூர்துராஜ் கைவிட்டுவிடவில்லை.

“கவலப்படாத சாமி. அடுத்து ‘ஆய்வேட்டைக் குறித்த காலத்தில் முடிப்பது எப்படி?’ன்னு ஒரு பயிலரங்கு வெச்சிருக்கறேன். மொத ஆளா உம்பேரத்தான் பதிஞ்சிருக்கறேன்.”

நான் ஒருங்கிணைப்பாளர் இல்லையே என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள். ஆனால், உங்கள் வீட்டுப் பிள்ளை கடைசியாக ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு வந்தபோது என்ன செய்தீர்கள்? பொருளைச் சொன்னீர்களா, இல்லை, அகராதி பார்க்கும் பழக்கத்தின் மேன்மையைப் பற்றி நின்றுகொண்டே உரையாற்றினீர்களா? அப்போது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அகராதி இருக்கும் அலமாரிக்கு முன்னால்தான்.

தயவுசெய்து நகருங்கள்.