கொட்டாரத்து ஷண்டிங்

தண்டவாளமே இல்லாத நாஞ்சில் நாட்டில் ரயில் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் கொட்டாரத்து ‘ஷண்டிங்’தான். இல்லை என்பவர் யாராக இருந்தாலும் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

கிழக்கே ஒரு ரயில் யார்டில் முப்பது வருஷம் ஷண்டிங் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்று வந்தவர். பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் வரிசை சேர்க்கிற குட்டி எஞ்சின் அது. அவர் பிறக்கும் முன்பே சீமையிலிருந்து ஒரே வார்ப்பில் ஆறு வந்தனவாம். ஐந்தை உடைத்துப் போட்ட பிறகும் இவருடையது மட்டும் புகைவிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஒருநாளும் யார்டு கேட்டைத் தாண்டியதில்லை. அதைச் சொல்லிச் சிரித்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“மெயில் எஞ்சினுக்கு முன்னால போவ மட்டுந்தாம்லே தெரியும். என் ஆளுக்கு ரெண்டு பக்கமும் முகம்!”

டீக்கடையிலிருந்துகூட ‘கூ’ என்று குரல் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகத்தான் வெளியே வருவார்.

1930களின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் மயிலாடி, கல்யாணம் கொட்டாரத்து வேதக்கோவிலில். பதினொரு மணிக்குப் போதகர் வெளியூர்ச் சபைகளைப் பார்க்கக் கிளம்பினால் திரும்ப ஒரு மாதமாகும். பத்து மணிக்குச் சேதி வந்தது: பெண் வீட்டார் வண்டிகள் நான்கும், எதிரே வந்த வைக்கோல் வண்டிகள் நான்கும் வரப்புச் சாலையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் சேறு. மாப்பிள்ளைக் கோட்டோடு ஓடினேன். ஷண்டிங்கும் கூடவே ஓடிவந்தார்.

“பாரத்தோட நான் எப்படிவே பின்னால போவேன்?” என்றான் வைக்கோல்காரன்.

“கல்யாண வண்டி பின்னால போவப்பிடாது!” என்று சக்கரத்துக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் என் மாமனார்.

பெண் வீட்டு வண்டிகளுக்கு ஐம்பதடி பின்னால் இருந்த நெற்களத்தை ஷண்டிங் பார்த்தார். “வண்டி ஒதுங்கி நிக்க லூப் லைன் இருக்குல்லா? நம்ம வண்டிய அதுல தள்ளுவோம். ஓய், நான் முப்பது வருஷம் பின்னால போயிருக்கேன். என்ன குறைஞ்சு போச்சு?”

“உமக்குக் கல்யாணமே ஆவலியே வே!” என்றார் மாமனார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. “பச்சைக் கொடி காட்டினாத்தான் வண்டியத் தொடுவேன்” என்று கையைக் கட்டிக்கொண்டார்.

கூண்டு வண்டிக்குள்ளிருந்து வளையல் கை ஒன்று நீண்டது. அதில் தாம்பூலத் தட்டிலிருந்து எடுத்த வெற்றிலை.

“தள்ளுங்க மாமா” என்றாள் பெண்.

மகளே சொன்னபின் மாமனார் என்ன செய்வார்? எழுந்தார். ஷண்டிங் இரண்டு தடவை ‘கூ’ கொடுத்தார். மாடுகளை அவிழ்த்து, நான்கு வண்டிகளையும் ஒவ்வொன்றாகக் களத்துக்குள் தள்ளி, வைக்கோலைப் போகவிட்டு, மறுபடி வரிசை சேர்த்தார். போதகர் குடையைக் கையில் எடுத்த நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை முற்றினால் அவள் ஒரு வெற்றிலையை நீட்டுவாள். நான் ‘கூ’ என்று பின்வாங்குவேன். பக்கத்து வீட்டிலிருந்து ஷண்டிங் பதில் ‘கூ’ கொடுப்பார். அவர் போய்ச்சேர்ந்து சில வருஷமாகிறது. இப்போதும் கூவிவிட்டுக் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.