டிரம்முக்குள் ஒரு க்ரீச்

பூட்டு ரிப்பேர்க்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "கடையில விக்கிறதெல்லாம் கரியா மச்சான்? தூசி! ஞாயித்துக்கிழமை வாங்க, நானே சுட்ட கரியில கோழி வாட்டித் தர்றேன்" என்று மச்சானிடம் போனிலேயே அளந்துவிட்டார்.

நல்ல கரிக்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். அவர் கண்ணில் பட்டது, போன வருஷம் காலமான மாமியாரின் ஆடும் நாற்காலி. "வீட்ல கரையான் நடமாட்டம் தெரியுது" என்று நாலு நாளாக மனைவி காதில் போட்டு வைத்தார். வெள்ளிக்கிழமை அவள் வெளியே போன நேரம் பார்த்து நாற்காலியைக் கழற்றி, சாக்கில் கட்டி, கொட்டகையில் வைத்துப் பூட்டினார்.

நாற்காலி எங்கே என்று அவள் கேட்கவேயில்லை. அவர்தான் கொட்டகைப் பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து நேரே கொல்லைக்குப் போய்க் கொட்டகையைத் திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே சாக்கை, கரி சுடக் கொண்டுவந்திருந்த இரும்பு டிரம்மில் கவிழ்த்தார், பார்க்கத் தைரியமில்லை. தீ மூட்டி, மூடி போட்டு, விளிம்பில் களிமண் பூசி, அடியில் மூன்று துளை மட்டும் விட்டார். நடுவில் திறந்தால் காற்றுப் புகுந்து அத்தனையும் சாம்பல்.

இலை அசையவில்லை. வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்து வந்து அவர் கணுக்காலைச் சுற்றியது. பக்கத்து வீட்டு நாய் டிரம்மைப் பார்த்து முனகிவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

க்ரீச்... க்ரீச்...

அவர் தாமதமாக வீடு திரும்பிய நாளெல்லாம் இருட்டு முன்னறையில் வரவேற்ற அதே சத்தம்.

"மாப்ளே..."

"அ... அத்தே?"

"வேர்க்குது மாப்ளே. மூடியத் தொறங்க."

"தொறந்தா சாம்பலாயிடும் அத்தே!"

"நானே சாம்பலாகி ஒரு வருஷமாச்சு. தொறங்கன்னா!"

கம்பியால் நெம்பினார். மூடி பறந்தது. தீ ஆள் உயரத்துக்கு எழுந்து, அவர் மீசையில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டது. வீட்டுக்குள் ஓடினார்.

திறந்திருந்த கொல்லைப்பக்க ஜன்னலோரம், அதே ஆடும் நாற்காலியில், மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். க்ரீச். க்ரீச்.

"இது... எப்படிடீ?"

"கொட்டகைக்கு ரெண்டாவது சாவி நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க? தச்சர் காலையில வந்து மாட்டிட்டுப் போயிட்டார்."

"அப்ப டிரம்முல எரியிறது?"

அவள் பூண்டிலிருந்து கண் எடுக்கவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே, ஞாயிறு முழுக்க அவர் கால் நீட்டிப் படுக்கும் சாய்வு நாற்காலி இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

"கரையான்தாங்க" என்றாள்.